பேறுகால முகவரி

அம்மா போன் செய்தபோது நான் ஒரு கன்டெய்னரைத் தேடிக்கொண்டிருந்தேன். முந்திரிக்கொட்டை வந்த பெட்டி. துறைமுகத்தை விட்டு வெளியே போய் முந்தின நாளே வேறொரு யார்டில் இறங்கியிருக்க வேண்டியது, கம்ப்யூட்டரில் இன்னும் பழைய இடத்திலேயே நின்றது. தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் பார்க்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒரு பெட்டி இந்த யார்டிலிருந்து அடுத்த யார்டுக்கு நகர்ந்தால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் நகர்ந்த பெட்டிக்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் பாதி ஆயுள் போயிற்று.

"ஏளா, வீட்டுக்குப் போலீஸ் வந்துருக்கு," என்றாள் அம்மா. "மருமவ எங்கன்னு கேக்காவ."

"நீ என்ன சொன்ன?"

"என்ன சொல்லுவேன்? பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். அம்மா வீடு எங்கன இருக்குன்னாரு. பெரியதாழைன்னேன். அதுலருந்து ஆளு ஒரு மாதிரி பாக்காரு. நீ வா."

முந்திரிப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

என் தம்பியின் மனைவிக்கு ஊர் பிலிப்பைன்ஸ். தம்பி கப்பலில் இன்ஜினியர். மணிலாவில் பயிற்சிக்குப் போன இடத்தில் பழக்கமாகி, இரண்டு வருஷம் போனிலேயே காதலித்து, எங்கள் மாதா கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். அவளுக்கு அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு வேறு தீவுக்குப் போய்விட்டார். ஒரு மாமன் வீட்டில் கொஞ்ச நாள், ஒரு பெரியம்மா வீட்டில் கொஞ்ச நாள், பிறகு ஹாஸ்டல் என்று வளர்ந்தவள். கல்யாணத்துக்கு அவள் பக்கத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் உட்காரும் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க, பெண் வீட்டார் பக்கம் காலி பெஞ்சுகளாக இருந்தால் எப்படி இருக்கும்? சாமியாரே முதல் நாள் அம்மாவைக் கூப்பிட்டு, பெண்ணுக்குத் தாய் ஸ்தானத்தில் யாராவது நிற்க வேண்டாமா என்று கேட்டார்.

நின்றது சித்தி. சித்தி என்று நான் கூப்பிடுகிறேனே தவிர ரத்த உறவு கிடையாது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் பெரியதாழை, கடற்கரை ஊர். அங்கே அம்மாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கடற்கரையில் நின்று பேசினால் கட்டுமரத்தில் இருப்பவனுக்குக் கேட்கும், அப்படி ஒரு குரல். மூன்று பையன்கள், மூவரும் கப்பலில். பெண் பிள்ளை இல்லை. கல்யாணத்தன்று ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து பெண் வீட்டுப் பக்கத்தை நிரப்பி, எங்களிடமே "மாப்பிள்ளை வீட்டுல காப்பி கூட ஒழுங்காக் குடுக்க மாட்டேங்காவ" என்று சண்டை பிடித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு மருமகளுக்கு அம்மா வீடு பெரியதாழை. பண்டிகைக்குச் சீர் அங்கிருந்து வரும். தம்பி கப்பலுக்குப் போய்விட்டால் அவள் கோபித்துக்கொண்டு போவதும் அங்கேதான். அவள் சித்தியை அம்மா என்பாள், அம்மாவை மாமி என்பாள், என்னை மைனி என்பாள். முதல் பேறுகாலம் அம்மா வீட்டில்தான் என்பது எங்கள் ஊரில் கேள்வி கேட்காமல் நடக்கிற காரியம். வளைகாப்பு முடிந்த கையோடு சித்தி காரில் வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மஃப்டியில் இருந்த போலீஸ்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டுக்காரர்களை விசாரிக்கிற தனிப்பிரிவு என்று சொன்னார். என் வயதுதான் இருக்கும். கையில் அம்மா கொடுத்த காப்பி அப்படியே இருந்தது.

"அக்கா, நான் விளாத்திகுளம் பக்கம். எங்க வீட்லயும் முதல் பேறுகாலம் அம்மா வீட்லதான்," என்றார். "அது எனக்கு விளங்காம இல்ல. ஆனா பாஸ்போர்ட்ல பிலிப்பைன்ஸ்னு இருக்க பிள்ளைக்குப் பெரியதாழையில அம்மா எப்படி வந்தாவ?"

நான் கல்யாணக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு விஷயத்தைச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் இங்கே நீண்ட நாள் தங்க வேண்டுமானால் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பதிந்திருக்க வேண்டும். வீடு மாறினால் மாறினேன் என்று சொல்ல வேண்டும். அவள் விசா அந்த வாரக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறாள். அதில் எங்கள் வீட்டு முகவரி இருக்கிறது. ஆள் அங்கே இருக்கிறாளா என்று பார்த்து எழுதத்தான் அவர் வந்திருக்கிறார். ஆள் இல்லை.

"இல்லன்னு எழுதினா என்ன ஆகும்?"

"நீட்டிப்பு நின்னு போகலாம். ஊருக்குக் கெளம்புன்னு உத்தரவு வரவும் செய்யலாம். அது என் கையில இல்லக்கா. கடக்கரை ஊரு வேற. சொல்லாம அங்கன போய் ஒரு வெளிநாட்டுக்காரி இருந்தா, யாரு கூட்டிட்டுப் போனா, எதுக்குப் போனான்னு மேல நூறு கேள்வி வரும்."

"நிறைமாசக்காரியை எந்தப் பிளேன்ல ஏத்துவாங்க?" என்று நான் கத்தினேன். அவர் மேல் கத்தி என்ன பிரயோசனம்! அவர் காப்பியைக் கீழே வைத்தார். இருக்கிறதை இல்லை என்றோ இல்லாததை இருக்கிறது என்றோ எழுத முடியாது, ஆனால் இன்றைக்கு எழுதாமல் நாளைக்கு எழுதலாம் என்றார். காலையில் அவளைப் பாஸ்போர்ட்டோடு நேரில் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் இன்ஸ்பெக்டரே விசாரித்து முடிவு செய்வார் என்றார். நல்ல மனுஷன்தான். எனக்கு அன்று அவரை நல்லவர் என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

அவர் போனதும் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"இதெல்லாம் சொல்லணும்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியும். கெளம்புததுக்கு முந்தி எங்கிட்ட கேட்டா. மாமி, அட்ரஸ் மாறுது, போலீஸ்ல சொல்லணும்னா. நான் சிரிச்சுட்டேன். நீயே சொல்லு, அம்மா வீட்டுக்குப் போறதுக்கு எவளாவது போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டுப் போவாளா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பெட்டி நகர்ந்தால் எழுதிக் கொடுக்கிற வேலையை நாள் முழுக்கச் செய்கிற எனக்கே, வளைகாப்பு அன்று அவள் காரில் ஏறியபோது இந்த யோசனை வரவில்லையே. வீட்டை விட்டு அவள் போகிறாள் என்றே தோன்றவில்லை. அம்மா வீட்டுக்குப் போகிறாள், அவ்வளவுதான்.

தம்பிக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அவன் கப்பல் எங்கேயோ நடுக்கடலில். வெகுநேரம் கழித்து விட்டு விட்டுப் பதில் வந்தது. "அக்கா, அவள அலைய விடாதீங்க. ஆனா விசா போயிறக் கூடாது. எப்படியாவது பாத்துக்கோங்க." அலையவும் விடக் கூடாது, ஆபீசுக்கும் கூட்டிப் போக வேண்டும். கடலில் இருந்துகொண்டு சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவனைத் திட்டினேன். பாவம், அவன் குரல் நடுங்கியதும் எனக்குக் கேட்டது.

வாடகைக் கார் பிடித்து, திருச்செந்தூர் தாண்டி மணப்பாடு வழியாகப் பெரியதாழை போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சித்தி அடுப்படியில் காரல் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் முன் அறையில் கட்டிலில் இடது பக்கமாகப் படுத்திருந்தாள். பிரஷர் கூடியிருக்கிறது, அதிகம் நடமாடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. தன் செருப்பு நுழையாததால் அவள் போட்டுக்கொள்கிற, சித்தி பையனுடைய பெரிய ரப்பர் செருப்பு கட்டிலடியில் கிடந்தது.

நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. ஆனால் ஆச்சரியப்படவில்லை.

"மைனி, எனக்குத் தெரியும். நான் மாமிகிட்ட சொன்னேன். மாமி சிரிச்சாங்க."

"சிரிச்சா விட்டுருவியா? ஆன்லைன்ல நீயே போட்டிருக்கலாம்லா? நீ படிச்சவதானே?"

அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் தேடி எடுத்துப் பேசுவாள். "மாமி சொன்னாங்க, அம்மா வீட்டுக்குப் போற பொண்ணு போலீஸ்ல சொல்ல வேண்டாம். எனக்கு அது... ரொம்பப் பிடிச்சது மைனி. எங்க போனாலும் நான் அட்ரஸ் எழுதுவேன். மாமா வீடு, ஹாஸ்டல், இங்க. எல்லா இடத்துலயும் எழுதினேன். ஒரு தடவை எழுதாம போகலாம்னு நினைச்சேன். மத்த பொண்ணுங்க மாதிரி."

எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் நான் கத்துவேன், அது என் சுபாவம். "மத்த பொண்ணுங்க மாதிரி இருக்கணும்னா தூத்துக்குடியில பிறந்திருக்கணும்!" என்று கத்திவிட்டேன். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. சித்தி கரண்டியோடு வந்து நின்றாள்.

"ஏளா, யார சத்தம் போடுத? அவ எங்கயும் வர மாட்டா. பேறுகாலத்துக்கு வந்தவ பிள்ளையோடதான் வாசல் தாண்டணும். போலீஸ்காரன் இங்கன வரட்டும். இவ என் மகள்னு நான் சொல்லுதேன். ஆஸ்பத்திரியிலயும் என் மகள்னுதான் பதிஞ்சிருக்கேன்."

"எங்க பதிஞ்சிருக்க?"

திருச்செந்தூர் போகிற வழியில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அங்கேதான் பிரசவம் பார்ப்பதாக ஏற்பாடு. சித்தி போன முதல் நாளே பதிந்துவிட்டாளாம், தன் மகள் என்று. இவள் பெயர் அங்கே யார் வாயிலும் நுழையாது என்பதால் கூப்பிட வசதியாக நல்ல ஊர்ப் பெயர் ஒன்றையும் வைத்துக் கொடுத்துவிட்டாளாம். பெருமையாகத்தான் சொன்னாள். இவளும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போயிருக்கிறாள்.

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வீடு மாறியதைச் சொல்லவில்லை என்பது ஒரு தப்பு. கடற்கரை ஊரில் வேறு பெயரில், வேறு ஒருத்தியின் மகளாக ஆஸ்பத்திரியில் பதிந்திருக்கிறாள் என்பது வேறு. இதைக் கேட்டால் எந்த அதிகாரி ஒளித்து வைக்கவில்லை என்று நம்புவார்?

"சித்தி, பிறக்கிற பிள்ளைக்கு அம்மா யாருன்னு சர்ட்டிபிகேட்ல உனக்கு இல்லாத மகள் பேருல்லா வரும்? நாளைக்கு இந்தப் பிள்ளைய இவ பிள்ளைன்னு எப்படி நிரூபிப்பா? இவள ஊருக்குப் போன்னு சொல்லிட்டா பிள்ளைய எப்படித் தூக்கிட்டுப் போவா?"

சித்தி கரண்டியைத் தாழ்த்தினாள். அந்த வீட்டில் அவள் குரல் அடங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழம்பு அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. யாரும் போய் இறக்கவில்லை.

காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். முதலில் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பிரஷரைப் பார்த்துவிட்டு, போய்த்தான் ஆக வேண்டுமென்றால் மெதுவாகப் போய் உடனே திரும்புங்கள் என்றார். பெயரைத் திருத்தச் சொல்லி நான் அலுவலக ஜன்னலில் நின்று உண்மையைச் சொன்னதும் அங்கே இருந்தவர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். வெளிநாட்டுக்காரர் என்றால் நாங்களும் தெரிவிக்க வேண்டும், போலீஸ் காகிதம் சரியாகாமல் எங்களால் சேர்த்துக்கொள்ள முடியாது என்றார். ஒரு வாய் உண்மைக்கு ஒரு கட்டில் போயிற்று. காரில் ஏறும்போது மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலியா என்றேன். இல்லை, பிள்ளை புரள்கிறது என்றாள். ஆறுமுகநேரி வருகிற வரைக்கும் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

போலீஸ் அலுவலக வாசலில் அம்மா நின்றாள். பிள்ளை பெறாமல் மருமகள் நம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம், அதனால் மாமியார் போலீஸ் வாசலுக்கு வந்துவிட்டாள், கையில் இட்லித் தூக்குச்சட்டியோடு.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். என்னை விடச் சின்னவர். மருமகளைப் பார்த்ததும் முதுகு சாய்கிற நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, மின்விசிறிப் பக்கமாகத் திருப்பிப் போட்டார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆஸ்பத்திரி விஷயத்தையும் நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லி அவர் கேட்பதை விட அது மேல் என்று தோன்றியது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சித்தியைப் பார்த்தார்.

"பேரை மாத்திக் குடுத்தது நீங்களா?"

"ஆமா. என் மகளுக்கு நான் பேரு வைக்கக் கூடாதா?"

நான் சித்தியின் கையைக் கிள்ளினேன். இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. இரண்டு வழி இருக்கிறது என்றார். இன்றைக்கே அவள் தூத்துக்குடி வீட்டுக்குத் திரும்பிவிட்டால், பதிந்த முகவரியில் ஆள் இருக்கிறாள் என்று எழுதி அனுப்பிவிடலாம். இல்லையென்றால் பெரியதாழை முகவரியை இப்போதே பதிய வேண்டும். தாமதமாகச் சொன்னதற்கு விளக்கம் எழுத வேண்டும். அந்த வீட்டுக்காரர் தன் வீட்டில் இவர் தங்கியிருக்கிறார் என்று கையெழுத்துப் போட வேண்டும். மதியத்துக்கு மேல் எனக்குப் பந்தோபஸ்து, அதற்குள் முடிவு சொல்லுங்கள் என்றார்.

"நம்ம வீட்டுக்கே வந்துரட்டும்," என்றேன் நான்.

"வயித்தோட திரும்பி வரக் கூடாதுளா," என்றாள் அம்மா.

"விசா போச்சுன்னா வயித்தோட பிலிப்பைன்ஸுக்கே போகணும், அது பரவால்லயா?"

இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டு மருமகளைப் பார்த்து, உங்களுக்கு எங்கே இருக்க வேண்டும் என்று கேட்டார். இந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

"அம்மா வீட்ல," என்றாள் அவள்.

சரி என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார் இன்ஸ்பெக்டர். சித்தியின் பெயர், வீட்டு விலாசம், ஆதார் எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு, தங்கியிருப்பவருக்கு நீங்கள் என்ன உறவு என்றார்.

"அம்மா."

"அப்படிப் போட முடியாதும்மா. இவங்க அம்மா பேரு இங்க இருக்கு. அவங்க இறந்துட்டாங்கன்னும் இருக்கு. நீங்க தத்து எடுத்ததுக்குப் பேப்பர் ஏதும் இருக்கா?"

"கோயில்ல வச்சுக் கையைப் பிடிச்சுக் குடுத்துருக்கேன். ஊரே பாத்துச்சு. உங்களுக்கு வேற என்ன பேப்பர் வேணும்?"

"இவங்க கணவர் வழியில சொந்தமா?"

இல்லை என்று நான் சொன்னேன். அம்மாவின் சிநேகிதி.

"அப்ப தெரிந்தவர்னு போடுறேன். கீழ கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்," என்றாள் சித்தி. "தெரிஞ்சவளா? தெரிஞ்சவ வீட்டுக்கு எவளும் பிள்ளை பெக்க வருவாளா? நான் சீரு செஞ்சவ. சோறு ஊட்டுதவ. ராத்திரி கால் இழுத்துப் பிடிச்சா நீவி விடுதவ நான். பொய்யில எனக்குக் கையெழுத்து வராது." எழுந்து வெளியே போய்விட்டாள்.

இன்ஸ்பெக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா அழ ஆரம்பித்தாள். நான் சித்தியை இழுத்து வருவதற்காக எழுந்தேன். என்ன செய்திருப்பேன் என்று தெரியாது, கையை ஓங்கியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அதற்குள் மருமகள் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்து, அந்தப் பெரிய ரப்பர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வராந்தாத் தூணில் கை வைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சித்தி நின்றிருந்தாள்.

"அம்மா," என்றாள் அவள். "எழுதுங்க. தெரிஞ்சவங்கன்னு எழுதினா நான் உங்க வீட்ல இருக்கலாம். அம்மான்னு எழுதினா நான் ஊருக்குப் போகணும்."

சித்தி திரும்பவில்லை.

"அங்க யாரும் இல்லம்மா," என்றாள் மருமகள்.

சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள். உட்காராமல் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டாள். இவர் எனக்கு ரத்த உறவு அல்ல, தெரிந்தவர் மட்டுமே என்று அதில் எழுதியிருந்ததை இன்ஸ்பெக்டர் முறைப்படி வாசித்துக் காட்டினார். சித்தி தலையை ஆட்டினாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் குரலைத் தணித்து, அவளுடைய நல்லதுக்காகவே சொன்னார்: "வீட்டுக்குள்ள என்ன வேணாலும் கூப்பிடுங்கம்மா. ஆஸ்பத்திரி, ஆபீஸ்னு வெளிய எங்கயும் இனிமே மகள்னு சொல்லாதீங்க. உங்க மேல கேஸு ஆயிரும்." அதற்கும் சித்தி தலையை ஆட்டினாள்.

போலீஸ் காகிதத்தைக் காட்டி, ஆஸ்பத்திரியில் மருமகளின் சொந்தப் பெயரையே மறுபடி பதிந்தோம். அந்த வாரம் முழுக்க நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். விசா முடிகிற நாளுக்கு முந்தின நாள், எச்சரிக்கை ஒன்றோடு நீட்டிப்பு வந்தது. அலுவலகத்தில் எல்லோர் முன்னாலும் அழுதேன். முந்திரிப் பெட்டி தொலைந்ததற்கு அழுகிறேன் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். பெரியதாழைக்குப் போன் போட்டால் சித்தி கூச்சல் போட்டுக் கொண்டாடுவாள் என்று எதிர்பார்த்தேன். "நல்லது மக்களே, நல்லது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை மருமகளிடம் கொடுத்துவிட்டாள்.

ஒரு காலை வேளையில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. அம்மாவும் நானும் தூத்துக்குடியிலிருந்து ஓடிப் போனபோது சித்தி பிரசவ அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். விடிகிறதற்கு முன்னாலிருந்தே அங்கேதான் இருக்கிறாள், ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நர்ஸ் துணியில் சுற்றிய பிள்ளையோடு கதவைத் திறந்தாள்.

"பொண்ணோட அம்மா யாரு? வந்து வாங்கிக்கோங்க."

முதல் பிள்ளையை முதலில் வாங்குவது பெண்ணைப் பெற்றவளின் கைதான். அதனால் அம்மா நகராமல் நின்று சித்தியைப் பார்த்தாள். சித்தி எழுந்திருக்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, நர்சுக்குக் கேட்காதபடி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"நான் போலாமாளா? கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்கேன்லா. பிள்ளைக்கு ஏதும் ஆயிருமோ?"

என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. "இவங்கதான் அம்மா," என்று அந்த வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். சித்தியின் தோளைப் பிடித்து எழுப்பிவிட்டேன். அவள் கையை நீட்டிக்கொண்டு போனாள். பிள்ளையை வாங்கப் போகும்போது, அந்தப் பக்கத்தில் போலீஸ் யாரும் நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.